மணியடித்தவன் குறிப்பு

கோப்பை அலமாரி என்று ஒன்று இருந்தது.
அதில் கோப்பை இல்லை.
வேதியியல் துறை திரும்பக் கேட்காத இரண்டு குடுவை,
காலாவதியான தீயணைப்புச் சான்றிதழ்,
யாரோ மறந்துபோன டிபன் பாக்ஸ் மூடி.

சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில்
தண்டவாளத்தை ஒட்டிய கட்டடம்.
கீழே மருந்துக் கிடங்கு. மேலே நாங்கள்.
பகலில் கூரியர் பை, பில் கவுண்டர், தையல் கடை.
ஆறரைக்கு மேல் பொருளாதாரம்.

விவாத அணி தொடங்கியது தொண்ணூற்றேழில்
என்கிறது நோட்டு.
முதல் பக்கம், வாக்ளே சாரின் சாய்ந்த எழுத்து:
'உறுப்பினர் மூவர். தலைப்பு: அரசா, சந்தையா.
வென்றது மழை.'

மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில்.
அது போகும்வரை
வாயைத் திறந்தபடி நிற்கப் பழகியிருந்தார்கள்.
போனதும்
விட்ட அசையிலிருந்தே எடுப்பார்கள்.
வெளிக் கல்லூரிகளில்,
ரயில் சத்தமே எட்டாத அரங்குகளில்,
எங்கள் ஆட்கள் பாதி வாக்கியத்தில் நின்றார்கள்.
நயம் என்று மதிப்பெண் போட்ட நடுவர் உண்டு.
மறதி என்று கழித்தவர்கள் அதிகம்.

நெல்சன் டிகூன்யா சண்டையிலிருந்து வாதத்துக்கு வந்தவன்.
ஃபைசலின் புள்ளிவிவரங்கள்
அவனே பெற்று வளர்த்தவை.
ப்ரணாலி காம்ப்ளே மூன்று மொழியில் குறுக்கிடுவாள்.
செல்வக்கனி ஆங்கிலத்தில் பேசுவாள்,
எண்ணுவது மட்டும் தமிழில்:
முதுகுக்குப் பின்னால் விரல் மடக்கி
ஒண்ணு, ரெண்டு.
பின்வரிசைக்கு மட்டும் தெரியும்.

நான் பேசியதில்லை.
மணி என்னுடையது.
சோர் பஜாரில் நாற்பது ரூபாய்,
ஏதோ லாட்ஜின் மேசையில் இருந்தது.
நாலாம் நிமிடம் ஒரு தட்டு. ஐந்தில் இரண்டு.

இரண்டாயிரத்து ஆறு, சர்ச்கேட் பக்கம் பெரிய கல்லூரி.
ஏசியில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது.
நேரம் பார்ப்பவர் வரவில்லை,
மணி வைத்திருந்ததால் என்னை உட்காரவைத்தார்கள்.
தலைப்பு: நகரம் வளரக் குடிசைகள் போக வேண்டும்.
காசைச் சுண்டினார்கள். பூ விழுந்தது.
நாங்கள் ஆதரவு.

அந்த வாரம்தான் நகராட்சி ஆள்
செல்வக்கனி வீட்டுக் கதவில்
சிவப்புப் பெயின்டில் எண் எழுதிப் போயிருந்தான்.
நான் பேசுறேன் என்றாள் ப்ரணாலி.
'பட்டியல்ல என் பேர்தானே இருக்கு' என்றாள் இவள்.
எந்தப் பட்டியல் என்று
யாரும் கேட்கவில்லை.

பத்துக்குப் பத்து அறையில்
ஏழு பேர் எப்படித் திரும்பிப் படுப்பார்கள் என்று சொன்னாள்.
நூற்று நாற்பது பேருக்கு நாலு கழிப்பறை.
பரீட்சைக்குப் போகும் பெண் வரிசையில் எத்தனையாவது ஆள்.
எல்லாம் நிஜம்.
அதனால் இடியுங்கள் என்றாள்.

ஐந்தாம் நிமிடம் முடிந்தது.
விரல் மணிமேல். தட்டவில்லை.
பதினோரு நொடி.

அந்தப் பதினோரு நொடியும் அவள்
ஒன்றும் பேசவில்லை.
வாய் திறந்து,
வராத ரயிலுக்கு வழிவிட்டு நின்றாள்.
பின்னால் விரல்கள் மடங்காமல் கிடந்தன.
பிறகு நன்றி என்று சொல்லி உட்கார்ந்தாள்.

'கள ஆய்வு அபாரம்' என்றார் நடுவர்.
அது ஒன்றுதான் நாங்கள் ஜெயித்தது.
பரிசு சுவர்க் கடிகாரம்.
தாதர் வரை மடியில் வைத்திருந்தவள்
இறங்கும்போது சீட்டிலேயே விட்டுப் போனாள்.
நெல்சன் எடுத்துக்கொண்டான்.

அணி பதினொன்றில் நின்றது.
மாலை வகுப்புகளுக்கு ஆள் இல்லை,
கிடங்குக்கு இடம் போதவில்லை.
நோட்டு என்னிடம்.

செல்வக்கனி வீட்டை இன்னும் இடிக்கவில்லை.
எண் மங்கிவிடுகிறதாம்,
இரண்டு முறை வந்து புதிதாக எழுதிவிட்டுப் போனார்கள்.
போன தீபாவளிக்குப் போனில் சொன்னாள்,
சிரித்துக்கொண்டுதான்.

அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.
'ஆதரவு, முதல் பேச்சாளர்.
எடுத்துக்கொண்ட நேரம்:
சரியாக ஐந்து நிமிடம்.'